துயரைச் சொல்லத் தாய்மொழி



மும்பை மாநகரில் குடியேறிய தமிழர் பிற மொழிகளை விரைவிலேயே கற்றுக்கொள்கின்றனர். தாராவியின் தோற்பொருட் பட்டறைகளிலும், மாட்டுங்காவின் கடைத்தெருவிலும், செம்பூரின் அலுவலகங்களிலும் இந்தியும் மராத்தியும் அவர்தம் நாவில் தங்குதடையின்றி வழங்குகின்றன. கொள்வதற்கும் கொடுப்பதற்கும் அம்மொழிகள் போதும். உள்ளம் நோயுற்ற காலத்தில் அவை போதுமா என்பதே இன்று நாம் ஆராய வேண்டிய வினா.

காய்ச்சலை அளக்க வெப்பமானி உண்டு. குருதியைச் சோதிக்க நுண்ணோக்கி உண்டு. மனநோய் மருத்துவருக்கோ நோயாளியின் சொல்லே முதற் கருவி. ‘நெஞ்சு கனக்கிறது, உறக்கம் பிடிக்கவில்லை’ என்று ஒரு தாய் தமிழில் கூறுவதைப் பள்ளியில் பயிலும் அவள் மகன் இந்தியில் பெயர்த்துச் சொல்ல நேர்வதுண்டு. ‘உயிர் வாழவே விருப்பமில்லை’ என்பதைப் பெற்ற பிள்ளையின் வாயிலாக எந்தத் தாய் சொல்வாள்? சொல்லாத நோய்க்கு மருந்து ஏது?

பெங்களூர் நிம்ஹான்ஸ் நிறுவனம் 2015–16-ஆம் ஆண்டுகளில் 12 மாநிலங்களில் ஆய்வு நடத்தியது. மனநோயுற்றோரில், நோயின் வகைக்கேற்ப, நூற்றுக்கு 70 முதல் 92 பேர் வரை சிகிச்சை பெறவில்லை என்று அது கண்டது.

இக்குறையை மின்னணுக் கருவிகளால் குறைக்க இயலுமா என்பதைத் தமிழகத்திலேயே சோதித்துப் பார்த்தனர். டாக்டர் சாரதா மேனன் முன்னின்று 1984-இல் சென்னையில் தோற்றுவித்த ‘ஸ்கார்ஃப்’ என்னும் மனச்சிதைவு ஆராய்ச்சி நிறுவனம், 2010-இல் புதுக்கோட்டை மாவட்டச் சிற்றூர்களுக்கு ஒரு பேருந்தை அனுப்பத் தொடங்கியது. பேருந்தினுள் அமர்ந்த நோயாளி, திரையில் தோன்றிய சென்னை மருத்துவரோடு உரையாடினார். மருந்தையும் அங்கேயே பெற்றுக்கொண்டார். செம்பூரை அடுத்த தேவனாரிலுள்ள டாட்டா சமூக அறிவியல் நிறுவனமும் 2012-இல் ‘ஐகால்’ என்னும் பெயரில் தொலைபேசி வழியாகவும் மின்னஞ்சல் வழியாகவும் மனநல ஆலோசனை வழங்க முற்பட்டது.

2022 அக்டோபர் 10-ஆம் நாள் மத்திய அரசு ‘டெலி மானஸ்’ பணியைத் தொடங்கியது. நாட்டின் எப்பகுதியிலிருந்தும் 14416 என்ற எண்ணைக் கட்டணமின்றி இரவு பகல் எந்நேரமும் அழைக்கலாம். அழைப்பவர் தமக்குரிய மொழியைத் தேர்ந்துகொள்ளலாம். அம்மொழிகளுள் தமிழும் ஒன்று. மகனை இடையில் நிறுத்தாமல் தாய் தானே பேச வழி பிறந்திருக்கிறது.

ஆயினும் கருவி எல்லாவற்றையும் செய்துவிடாது. ஒரே அறையில் குடும்பம் முழுவதும் வாழும் தாராவி இல்லத்தில், பிறர் செவியில் படாமல் பேச இடமேது? நோய் முற்றியவரை மருத்துவமனைக்கு நேரில் அழைத்துச் செல்ல ஒருவர் வேண்டுமே! தொலைபேசி தர இயலாத இவ்விரண்டையும் சுற்றத்தாரும் அண்டை வீட்டாருமே தர வேண்டும். கதவைச் சாத்திவிட்டு அரைமணி நேரம் வெளியே அமர்ந்திருப்பதும், மறுநாள் மருத்துவமனை வரிசையில் உடன் நிற்பதும் மருத்துவத்தின் பகுதிகளே.

அந்த எண்ணைச் சமையலறைச் சுவரில் எழுதி வையுங்கள். உறக்கமின்றி வாடும் ஒருவர் உங்கள் இல்லத்தில் இருந்தால், ‘பைத்தியம்’ என்ற சொல்லை மட்டும் அவர் முன் எடுக்காதீர்கள். அவர் தம் மொழியில் பேசட்டும். கேட்பதற்கு மறுமுனையில் ஆள் இருக்கிறார்.