சுளுக்குதானே என்று விட்டுவிடலாமா?

விருத்தாசலம் என்றதும் உங்களுக்கு என்ன ஞாபகம் வரும்? பழமலைநாதர் கோயில், அடுத்து பீங்கான். களிமண் கரைசலை அச்சில் ஊற்றுவது, கவிழ்த்து எடுப்பது, பிசிறு தேய்ப்பது, பொம்மைக்கு வண்ணம் தீட்டுவது என்று அத்தனைக்கும் மணிக்கட்டு வேண்டும். அது ஒரு வாரம் படுத்தால் கூலியும் படுத்துவிடும். அதனால் இன்னைக்கு மணிக்கட்டுச் சுளுக்கு பற்றிப் பேசலாம்.

முதலில் என் கதை. ஈரத்தரையில் வழுக்கி, கையை ஊன்றி விழுந்தேன். வீட்டில் "சுளுக்குதான்"னு சொல்லி எண்ணெய் போட்டு வழித்துவிட்டார்கள். மூன்று வாரம் ஆகியும் வலி போகவில்லை. எக்ஸ்ரே எடுத்தால் எலும்பில் கீறல்!

மணிக்கட்டில் 8 சிறிய எலும்புகள் இருக்கு. அவற்றைப் பிணைக்கும் நார்கள் அளவுக்கு மீறி இழுபட்டாலோ கிழிந்தாலோ அதுதான் சுளுக்கு. ஆனால் அதே மாதிரி விழும்போது, கட்டைவிரல் பக்கம் இருக்கும் படகு எலும்பு உடையவும் வாய்ப்புண்டு. அதற்கு ரத்த ஓட்டம் குறைவு; கவனிக்காமல் விட்டால் கூடாமலே போகலாம்.

அடிபட்டதும் என்ன செய்யணும்?

- மோதிரம், வளையலை உடனே கழற்றுங்கள். வீங்கிய பிறகு கழற்றுவது கஷ்டம்.
- கைக்கு ஓய்வு கொடுங்கள். நெஞ்சு உயரத்துக்கு மேலே தூக்கி வையுங்கள்.
- ஐஸைத் துணியில் சுற்றி 15 முதல் 20 நிமிடம், சில மணி நேரத்துக்கு ஒருமுறை வையுங்கள்.
- கிரேப் பேண்டேஜ் சுற்றலாம். விரல் மரத்தாலோ நீலமானாலோ தளர்த்துங்கள்.
- முதல் 2 நாள் வெந்நீர் ஒத்தடம், எண்ணெய் தேய்ப்பு, சொடக்கு எடுப்பது எதுவும் வேண்டாம்.

கட்டைவிரலை விரித்தால் அடியில் ஒரு குழி தெரியும். அங்கே அழுத்தினால் வலிக்கிறதா? கை கோணலாகத் தெரிகிறதா? விரல் மரத்துப்போச்சா? எதையும் பிடிக்க முடியலையா? அன்றே அரசு மருத்துவமனைக்குப் போய்விடுங்கள். முதல் எக்ஸ்ரேயில் கீறல் தெரியாமலும் போகலாம். வலி நீடித்தால் 10 முதல் 14 நாளில் மறுபடி காட்டுங்கள். சந்தேகம் இருந்தால் 104-க்கு போன் செய்து கேட்கலாம். இந்த எண்ணை இப்பவே சேமித்துக்கொள்ளுங்கள்.

வேலையிடத்தில் அடிபட்டதா? விபத்துப் பதிவேட்டில் அன்றே எழுதச் சொல்லுங்கள். ஈ.எஸ்.ஐ. காப்பீடு உள்ளவருக்கு, காயத்தால் குறைந்தது 3 நாள் வேலைக்குப் போக முடியாவிட்டால், சம்பளத்தில் 90 சதவீதம் உதவித்தொகையாகக் கிடைக்கும். "சுளுக்குதானே"ன்னு எழுதாமல் விட்டால், பிறகு அதை நிரூபிப்பது சிரமம்.

வராமல் தடுக்க வழி எளிது. சிந்திய கரைசலை உடனே துடையுங்கள். கனமான அச்சை இரண்டு கையாலும், உடம்போடு ஒட்டித் தூக்குங்கள். முடியாவிட்டால் இன்னொருவரைக் கூப்பிடுங்கள். தேய்க்கும்போது மணிக்கட்டு வளையாமல் நேராக இருக்கட்டும். நடுவில் ஐந்து நிமிடம் கைக்கு ஓய்வு கொடுங்கள். அந்த ஓய்விலும் போனை எடுத்து ஸ்க்ரோல் பண்ணினால் அது ஓய்வில்லை!

உடைந்த பொம்மைக்குப் பதில் வேறொன்று வார்த்துவிடலாம். கை அப்படி இல்லைங்க.