பட்டமும் பழக்கமும்



1937-ஆம் ஆண்டு வார்தாவில் காந்தியடிகள் கைத்தொழிலோடு இணைந்த ஆதாரக் கல்வியை நாட்டின் முன் வைத்தார். அதற்கு முன்பே, 1912 முதல் 1918 வரை மைசூர் திவானாக விளங்கிய விசுவேசுவரய்யா தொழிற்கல்வியை ஊக்குவித்தார். அத்தகைய நகரில் வாழும் நாம் நம் பிள்ளைகளுக்கு என்ன கற்பித்திருக்கிறோம்?

இரயில்வே முன்பதிவு அலுவலகத்தில் பணிபுரியும் நாங்கள் அன்றாடம் காண்பது இது: பட்டம் பெற்ற இளைஞன் ஒதுங்கி நிற்க, படிவத்தைத் தந்தை நிரப்புகிறார். எங்கள் இல்லமும் இதற்கு விலக்கன்று. வெளியூர் வேலைக்குச் சென்ற எங்கள் மகன் ஒரே மாதத்தில் மெலிந்து திரும்பினான். அவனுக்குச் சோறு வடிக்கத் தெரியவில்லை. குற்றம் அவனுடையதன்று, கற்பிக்காத எங்களுடையது.

ஆகவே ஒரு வேண்டுகோள். வரும் விடுமுறையில், மகன் மகள் என்ற பேதமின்றி, ஒவ்வொரு பிள்ளையும் தேவராஜ மார்க்கெட்டில் கன்னடம் பேசிக் காய்கறி வாங்கட்டும், சமைக்கட்டும், தன் துணியைத் தானே துவைக்கட்டும், வீட்டு வரவு செலவை எழுதட்டும். முதல் நாள் சோறு குழையலாம், கணக்குப் பிசகலாம். நாம் அருகிலிருக்கும்போதே பிசகட்டும். பின்னர், நாம் இல்லாத ஊரிலும் அவர்கள் தலைநிமிர்ந்து வாழ்வார்கள்.