நீராவிக் கோபுரம்: ஒரு விளையாட்டின் நிறையும் குறையும்



என் தந்தையார் விழுப்புரம் ரெயில்வே ஷெட்டில் ஃபயர்மேனாக உழைத்தவர். பணி முடிந்து அவர் வீடு திரும்பும்போது கண்ணும் பல்லும் மட்டுமே வெண்மையாகத் தெரியும், மற்றெல்லாம் கரி. நான் தில்லிக்கு வந்து நாற்பது ஆண்டுகள் கடந்துவிட்டன. நீராவி எஞ்சின்களின் காலமும் கடந்துவிட்டது. சித்தரஞ்சன் தொழிற்சாலை 1972ஆம் ஆண்டோடு அவற்றைக் கட்டுவதை நிறுத்தியது. 1995க்குப் பிறகு அகலப்பாதையில் அவை அன்றாடம் ஓடியதில்லை. இந்நிலையில் சென்ற கோடை விடுமுறையில் ஒரு நாள், என் பேரன் கைப்பேசியை என் முகத்துக்கு நேரே நீட்டி, "தாத்தா, இதிலே எல்லாம் ஸ்டீம்தான்! கொள்ளுத்தாத்தா எஞ்சின் மாதிரி!" என்றான். அவன் காட்டியது 'ஸ்டீம்பங்க் டவர்' என்னும் விளையாட்டு. டிரீம்கேட் என்னும் நிறுவனத்தார் ஆக்கி 2013இல் வெளிவந்தது. பேரனை மெச்சுவதற்காக ஆடத் தொடங்கிய நான், அவன் உறங்கிய பின்னும் ஆடிக்கொண்டிருந்தேன் என்பதை மறைப்பதற்கில்லை. அந்த விளையாட்டைப் பற்றியே இன்று உங்களோடு சிறிது நேரம் பேச விரும்புகிறேன்.

முதலில் அப்பெயரைப் பிரித்துப் பார்ப்போம். 'ஸ்டீம்பங்க்' என்பது ஒரு கற்பனை மரபு. மின்சாரமும் பெட்ரோலும் ஆட்சிக்கு வராமல், பத்தொன்பதாம் நூற்றாண்டின் நீராவியே வளர்ந்து வளர்ந்து உலகை ஆண்டிருந்தால் எப்படியிருக்கும் என்று எண்ணிப் பார்ப்பது. கே. டபிள்யூ. ஜீட்டர் என்னும் அமெரிக்க எழுத்தாளர், தாமும் தம் நண்பர்களும் எழுதிவந்த கதைகளுக்கு ஒரு பெயர் வேண்டி, 1987இல் 'லோகஸ்' என்னும் பத்திரிகைக்கு எழுதிய கடிதத்தில் பாதி வேடிக்கையாக இச்சொல்லை முன்வைத்தார். சொல் அன்று பிறந்ததே ஒழிய, பொருள் பழையது. ஜூல் வெர்ன் என்னும் பிரெஞ்சு ஆசிரியர் 1880இல் எழுதிய நாவல் ஒன்றில், எஃகால் செய்த யானை ஒன்று, வயிற்றில் கொதிகலனும் துதிக்கையில் புகைபோக்கியுமாக, வண்டி வீடுகளை இழுத்துக்கொண்டு கல்கத்தாவிலிருந்து இமயத்தின் அடிவாரத்தை நோக்கிச் செல்கிறது. 1857ஆம் ஆண்டுக் கிளர்ச்சியின் வடு ஆறாத கங்கைச் சமவெளிதான் அக்கதையின் களம். ஆகவே இம்மரபின் பாட்டன்மாருள் ஒருவரேனும் நம் நாட்டு மண்ணில் தம் இயந்திரத்தை ஓட்டிப் பார்த்தவரே.

இனி 'டவர்' என்பது. கோட்டையை முற்றுகையிடுவதை உழிஞை என்றும், உள்ளிருந்து மதிலைக் காப்பதை நொச்சி என்றும் நம் முன்னோர் பெயரிட்டனர். ஆங்கிலத்தில் 'டவர் டிஃபென்ஸ்' என வழங்கும் விளையாட்டு வகை முழுவதையும் நொச்சி விளையாட்டு என்றே நாம் அழைக்கலாம். பகைவர் அலை அலையாக வருவர். ஆடுபவர் வெளியே பாய்ந்து சென்று தாக்குவதில்லை. காவல் அரண்களை அமைத்துக் காத்திருக்க வேண்டும். 1990இல் அட்டாரி நிறுவனம் வெளியிட்ட 'ராம்பார்ட்' இதற்கு ஒரு முன்னோடி. குண்டு விழுந்து இடிந்த மதிலை அடுத்த தாக்குதலுக்குள் அடைக்க வேண்டும் என்பது அதன் விதி. பின்னர் 2002இல் 'வார்கிராஃப்ட்' மூன்றாம் பாகம் வந்தபோது, அதனுடன் கிடைத்த கருவிகளைக் கொண்டு ஆடுபவர்களே இத்தகைய களங்களைத் தமக்குள் ஆக்கிப் பரப்பினர். 2007இல் பால் பிரீஸ் ஆக்கிய 'டெஸ்க்டாப் டவர் டிஃபென்ஸ்' இவ்வகையை அலுவலக மேசைகள்தோறும் கொண்டு சேர்த்தது. அதில் பகைவருக்கென்று வகுத்த வழியே கிடையாது. நாம் நிறுத்தும் கோபுரங்களே சுவராகி, அவர்கள் சுற்றிச் சுற்றி வரும் புதிர்வழியாகும். எங்கே நிறுத்துவது என்பதே அங்கே அறிவின் சோதனை.

'ஸ்டீம்பங்க் டவர்' இந்த மரபை ஒரே அடியில் தலைகீழாக்கிவிட்டது. இதில் பல கோபுரங்கள் இல்லை, ஒன்றே ஒன்றுதான். திரையின் நடுவே பல அடுக்குகளாக அது எழுந்து நிற்கிறது. இடமும் வலமுமாக இரு திசைகளிலிருந்தும் தரைப்படை வரும். வானிலும் கலங்கள் வரும். ஒவ்வோர் அடுக்கிலும் பக்கத்துக்கு ஒன்றாகப் பீரங்கி மாடங்களைப் பொருத்தலாம். சரமாரியாகச் சுடும் இயந்திரத் துப்பாக்கி ஒன்று. அருகில் வந்ததைச் சிதறடிப்பது ஒன்று. மின்னலைப் பாய்ச்சுவது ஒன்று. வட்ட ரம்பத்தை வீசுவது மற்றொன்று. இவற்றை விரலால் இழுத்து அடுக்கு விட்டு அடுக்கு, பக்கம் விட்டுப் பக்கம் மாற்றிக்கொண்டே இருக்கலாம். வலப்புறம் கவசவண்டிகள் நெருங்கும்போது இடப்புறத்து மாடம் அங்கே வரும். கோபுரம் அசையாது, அதன் உள்ளிருப்பதெல்லாம் ஓயாது அசையும்.

இவ்விளையாட்டின் உயிர்நிலை என்று நான் கருதுவது வேறொன்று. மாடங்களில் உள்ள தோட்டா தீர்ந்துவிடும். இவ்வகை விளையாட்டுகள் பெரும்பாலானவற்றில் காவற்கோபுரம் ஒருமுறை நிறுவப்பட்டால் உலகம் உள்ளளவும் சுட்டுக்கொண்டேயிருக்கும். குண்டு எங்கிருந்து வருகிறது என்று எவரும் கேட்பதில்லை. இங்கோ, வெறுமையான மாடத்தைச் சண்டையிலிருந்து கழற்றிக் கோபுரத்தின் உள்ளே அனுப்பி நிரப்ப வேண்டும். அது நிரம்புகிற வரையில் அந்த அடுக்கு வாயடைத்து நிற்கும். இரண்டு மாடங்கள் ஒரே நேரத்தில் தீர்ந்துபோனால் கோபுரத்தின் ஒரு பக்கமே திறந்து கிடக்கும். எனவே முற்றும் தீருமுன்பே, அலை சற்று ஓய்ந்த இடைவெளியில், இன்னும் பாதி மீந்திருக்கும் மாடத்தைத் துணிந்து கீழே அனுப்பப் பழக வேண்டும். இதைக் கண்டுகொண்ட இரவில் எனக்கு என் தந்தையார் நினைவு வந்தது.

ஃபயர்மேன் வேலை கரியை அள்ளிப் போடும் வேலை என்றே பலர் நினைக்கிறார்கள். கரி அள்ளுவது அதில் எளிய பகுதி. மேடு வந்த பிறகு தீயை வளர்த்துப் பயனில்லை. மேடு வருமுன்பே வளர்த்திருக்க வேண்டும். இன்று போட்ட கரியின் பலன் இப்பொழுதே கிட்டாது; சிறிது தூரம் சென்ற பிறகே அது அழுத்தமாக மாறிச் சக்கரத்தை எட்டும். மிகுதியாக எரித்துவிட்டாலோ, ஸ்டேஷனில் நிற்கும்போது காவல் வால்வு திறந்துகொண்டு, பட்ட பாடெல்லாம் சீறிக்கொண்டு வானத்துக்குப் போகும். நீர்மட்டம் காட்டும் கண்ணாடிக் குழாயிலிருந்து கண்ணை எடுக்கக் கூடாது. நீர் தாழ்ந்து தீயறையின் கூரைத்தகடு வெளிப்பட்டால், அதில் பதித்த ஈயத் தக்கை உருகி, நீராவி தீயின் மேலேயே பாயும். அது எச்சரிக்கை, அதற்கும் அடுத்தது கொதிகலன் வெடிப்பது. அடுத்து வருவதற்கு இப்போதே உழைத்து வைக்க வேண்டும், உழைப்பு பயனாவதற்கு நேரம் பிடிக்கும் என்கிற இந்த இரண்டு உண்மைகளை, தோட்டா நிரப்பும் விதி ஒன்றினாலேயே இச்சிறு விளையாட்டு விரல்களுக்குக் கற்பித்துவிடுகிறது. நான் கண்ட பெரும் நிறை இதுவே.

ஆனால் ஒரு வேடிக்கையைப் பாருங்கள். நீராவித் தொழிலின் இந்த இயல்பு துப்பாக்கித் தோட்டாவில் இருக்கிறதே தவிர, விளையாட்டின் நீராவியில் இல்லை! கோபுரமெங்கும் பித்தளை மின்னுகிறது. பல்சக்கரங்களும் ஆணிகளும் கண்ணுக்கு இனிமையாகத்தான் இருக்கின்றன. எனினும் அந்தக் கோபுரத்துக்கு நீர் வேண்டியதில்லை, கரி வேண்டியதில்லை, அழுத்தம் ஏறுவதுமில்லை, இறங்குவதுமில்லை. நான் மிகுதியும் நம்பியிருந்த ஆயுதமோ மின்னல் பாய்ச்சுவது! பித்தளைப் பூச்சைச் சுரண்டிவிட்டு, இதே கோபுரத்தைச் செவ்வாய்க் கிரகத்தில் நிறுத்தினாலும் ஆட்டத்தில் ஒரு விதியும் மாறாது. மாடங்கள் அனைத்தும் ஒரே கொதிகலனிலிருந்து அழுத்தத்தைப் பங்கிட்டுக்கொள்வதாக அமைத்திருந்தால் எப்படி இருந்திருக்கும்? இரண்டு மாடம் ஓட்டினால் மூன்றாவது மெலியும். தீயைக் கிளறினால் சற்றுப் பொறுத்தே பலன் கிடைக்கும். பேராசையால் மிகுதியாக எரித்தால் வீணாகும். அது நீராவி விளையாட்டு. இது நீராவி உடுத்திய விளையாட்டு.

இக்குறை இந்த ஒரு விளையாட்டுக்கு மட்டும் உரியதன்று. ஸ்டீம்பங்க் என்னும் மரபு முழுவதற்குமே உள்ள நோய். புகைபோக்கியை விரும்புவார்கள், புகையை விரும்பமாட்டார்கள். பளபளக்கும் பிடிகள் இருக்கும். அவற்றைப் பிடித்துக் கொப்புளித்த கைகள் இரா. அசன்சோல், தன்பாத் பக்கங்களில் வாழும் நேயர்களுக்கு இதை நான் விரித்துரைக்க வேண்டியதில்லை. ஹௌராவிலிருந்து ராணிகஞ்சுக்கு 1855இலேயே இருப்புப்பாதை போட்டார்களென்றால், அது நிலக்கரியின் பொருட்டேயன்றோ? அந்நூற்றாண்டைக் கற்பனையாக மீண்டும் படைக்கும்போது, சுரங்கத்தின் ஆழத்தில் நின்றவனையும் ஓரமாகவேனும் படைத்தால் என்ன குறைந்துவிடும் என்று எனக்குத் தோன்றுவதுண்டு. விளையாட்டிலே இதையெல்லாம் எதிர்பார்க்கலாமா என்று கேட்பீர்கள். தோட்டா தீரும் என்று நினைவு வைத்திருந்தவர்களுக்குக் கரி தீரும் என்பது மறந்திருக்க வேண்டியதில்லையே!

மற்றொரு குறையையும் சொல்லியாக வேண்டும். சில களங்கள் கடந்ததும், கோபுரத்தையும் மாடங்களையும் வலுப்படுத்தாமல் மேலே செல்ல இயலாது. வலுப்படுத்தப் பொருள் வேண்டும். பொருளுக்கு வென்ற களத்துக்கே திரும்பி வந்து, வென்ற பகைவரையே மறுபடி வெல்ல வேண்டும். முதல் முறை அது போர். மூன்றாம் முறை அது கூலி வேலை. களத்தைக் கடினமாக்குவது ஒன்று, நீளமாக்குவது மற்றொன்று. ஆடுபவன் நேற்றைவிட இன்று திறமை பெற்றதனால் வென்றானா, அல்லது நேற்று மாலையெல்லாம் காத்துச் சேர்த்த பொருளினால் வென்றானா என்று பிரித்தறிய முடியாதபடி செய்வது நல்ல ஆட்டத்துக்கு அழகன்று. என் பேரன் ஒரு மாலைப் பொழுது முழுவதையும் இவ்வாறு செலவிட்டதைக் கண்டேன். முகத்தில் மகிழ்ச்சி இல்லை; விடவும் மனமில்லை. அன்று அவன் தாய் கைப்பேசியை வாங்கி அலமாரியில் வைத்ததை நான் தடுக்கவில்லை.

ஒற்றைக் கோபுரம் என்பதனால் இழந்தவையும் உண்டு. பழைய நொச்சி ஆட்டங்களில் நிலத்தைப் பார்க்க வேண்டும். வளைவு எங்கே, குறுகல் எங்கே என்று ஆராய வேண்டும். இங்கே நிலம் என்பது இரண்டு திசைகள்தாம். முடிவில் ஆட்டம் நெருக்கடியாகும்போது மூளையைவிட விரலே விரைந்தாக வேண்டியிருக்கிறது. சிறிய திரையில் என் கட்டைவிரலே பாதிப் போர்க்களத்தை மறைத்துவிடுகிறது. எழுபது வயதுக்காரன் சொல்லும் குறை இது என்று கழித்துக்கொள்ளுங்கள். பேரனுக்கு இதில் இடர் ஒன்றும் இருந்ததாகத் தெரியவில்லை. பின்னர் இதன் இரண்டாம் பாகமும் வெளிவந்திருக்கிறது. நான் அதை ஆடவில்லை. ஒரு கோபுரமே போதும் என்றாகிவிட்டது.

விடுமுறை முடியும் முன்னர் ஒரு நாள் பேரனை ரெவாரிக்கு அழைத்துச் சென்றேன். தில்லியிலிருந்து சிறிது தொலைவுதான். அங்குள்ள பழைய ஷெட்டில் நீராவி எஞ்சின்களைப் பேணி வைத்திருக்கிறார்கள். தில்லியில் வாழும் நேயர்கள் குழந்தைகளோடு ஒருமுறை போய் வரலாம். அன்று எஞ்சின்கள் எல்லாம் குளிர்ந்து நின்றன. பேரன் ஒன்றின் சக்கரத்தருகே போய் நின்று பார்த்தான். சக்கரம் அவனைவிட உயரமாக இருந்தது. பிறகு ஏறித் தீயறையின் வாயில் குனிந்து எட்டிப் பார்த்தான்.

"தாத்தா, இது ரீலோட் ஆக எவ்வளவு நேரம் ஆகும்?"

"குளிர்ந்த கொதிகலன் என்றால் பல மணி நேரம். விடியற்காலை வண்டிக்கு முந்தின இரவே தீ மூட்டிவிட வேண்டும்."

அவன் சற்று நேரம் பேசவில்லை. "அப்போ கொள்ளுத்தாத்தா எப்போ தூங்குவார்?" என்று கேட்டான்.

பகலில் தூங்குவார் என்றேன். அப்போது நாங்கள் எல்லோரும் தெருவுக்குப் போய்த்தான் விளையாட வேண்டும் என்றும் சொன்னேன்.