தனியே இருக்கும் நாய்க்குட்டி: கடித்த பிறகு அடிப்பதா, கடிக்கும் முன் தடுப்பதா?



பிள்ளைகளின் படிப்பு, முதியோர் பராமரிப்பு, குடும்பச் செலவு என்று பேசிவந்த இந்த மேடையில் நாய்க்குட்டியைப் பற்றிப் பேச வேண்டுமா என்று சிலர் நினைக்கலாம். நிகழ்ச்சிக்கு முன்பு வந்த கேள்விகளில் ஒன்றைப் படித்தால், இதுவும் குடும்பப் பிரச்சினைதான் என்பது விளங்கும். சாங்கிப் பக்கம் குடியிருக்கும் ஒரு சகோதரி எழுதியிருக்கிறார்: "கணவருக்கு விமான நிலையத்தில் ஷிப்ட் வேலை. எனக்கு மருத்துவமனையில் ஷிப்ட் வேலை. மகன் கெஞ்சியதால் குட்டி வாங்கினோம். இப்போது அதற்கு ஐந்து மாதம். சோபாவின் ஒரு மூலை போயிற்று, மகனின் பள்ளிக் காலணி போயிற்று, நேற்று கைத்தொலைபேசி சார்ஜரின் வயர். அடித்துப் பார்த்தோம், திருந்தவில்லை. யாருக்காவது கொடுத்துவிடலாமா?"

கடைசிக் கேள்விதான் இன்றைய பேச்சுக்குக் காரணம். சாங்கி 24 மணி நேரமும் தூங்காத வட்டாரம். விமான நிலையம், மருத்துவமனை, வர்த்தகப் பூங்கா என்று வீட்டில் எல்லாருமே வேலைக்குப் போகும் குடும்பங்கள் இங்கே அதிகம். ஆகவே இது அந்த ஒரு வீட்டுக் கதை அல்ல. நான் கால்நடை மருத்துவர் இல்லை. மருத்துவர்களும் பயிற்றுநர்களும் சொல்வதைக் கேட்டுத் தொகுத்து, நமக்குப் புரியும்படி எடுத்துச் சொல்வது என் வேலை.

<b>குட்டி ஏன் கடிக்கிறது?</b>

முதல் காரணம் பல். நாய்க்குட்டிக்குப் பால்பற்கள் 28. ஏறத்தாழ மூன்று, நான்கு மாதத்தில் அவை விழத் தொடங்கி, ஆறு, ஏழு மாதத்திற்குள் 42 நிலைப்பற்கள் முளைத்துவிடும். அந்தக் காலத்தில் ஈறு குறுகுறுக்கும், வலிக்கும். எதையாவது அழுத்திக் கடித்தால்தான் சுகம். பல் முளைக்கும் குழந்தை கையில் கிடைத்ததை எல்லாம் வாயில் வைக்கிறது. அதற்காக நாம் குழந்தையை அடிப்பதில்லை. கடிக்க ரப்பர் வளையம் வாங்கித் தருகிறோம்.

இரண்டாவது காரணம், வேலையில்லாத பொழுது. குட்டிக்குக் கையில்லை, வாய்தான் கை. புதுப் பொருளைக் கண்டால் வாயால்தான் விசாரிக்கும். மூன்றாவது காரணம் தனிமைப் பயம். பிறந்தது முதல் தாயோடும் கூடப் பிறந்தவற்றோடும் ஒட்டிக் கிடந்த ஜீவன் அது. திடீரென்று பூட்டிய வீட்டில் எட்டு மணி நேரம் தனியாக இருக்கச் சொன்னால் அதற்கு என்ன புரியும்?

இந்த மூன்றிலும் 'எசமானைப் பழிவாங்குவது' என்ற காரணம் இல்லை என்பதைக் கவனியுங்கள்.

<b>அந்தக் 'குற்ற முகம்'</b>

"இல்லைங்க, தப்புச் செய்துவிட்டோம் என்று அதற்கே தெரிகிறது. நான் கதவைத் திறந்ததும் தலையைத் தொங்கப் போடுகிறதே" என்பார்கள். நியூயார்க்கின் பர்னார்ட் கல்லூரியைச் சேர்ந்த அலெக்சாண்ட்ரா ஹோரோவிட்ஸ் என்ற ஆய்வாளர் இதைச் சோதித்தார். அவரது ஆய்வு 2009ஆம் ஆண்டு வெளியானது. 14 நாய்கள். தின்னக் கூடாது என்று சொல்லிவிட்டு எசமானர் அறையைவிட்டு வெளியே போவார். திரும்பி வரும்போது, நாய் தின்றுவிட்டதா இல்லையா என்பதை அவரிடம் சில முறை உண்மையாகவும் சில முறை பொய்யாகவும் சொன்னார்கள். தின்ற நாய்க்கும் தின்னாத நாய்க்கும் முகத்தில் வேறுபாடு இல்லை. திட்டு வாங்கிய நாய்தான் அந்த 'குற்ற முகத்தை'க் காட்டியது. ஒரு பாவமும் செய்யாமல் திட்டு வாங்கிய நாய்களிடம் அது இன்னும் கூடுதலாகத் தெரிந்தது.

ஆக, நாம் காண்பது குற்ற உணர்ச்சி அல்ல, நம் கோபத்தைக் கண்ட அச்சம். காலை பத்து மணிக்குக் கடித்த காலணிக்கு மாலை ஏழு மணிக்கு அடித்தால், எதற்காக அடி விழுந்தது என்று குட்டிக்குத் தெரியாது. 'வீட்டுக்கு ஆள் வந்தால் அடி விழும்' என்பதை மட்டும் அது கற்றுக்கொள்ளும். பயம் கூடினால் கடியும் கூடும். அடித்துத் திருந்தவில்லை என்று சகோதரி எழுதியதற்கு விடை இதுதான்.

<b>முதலில் வீட்டைச் சரிசெய்வோம்</b>

எட்டாத பொருளைக் குட்டியால் கடிக்க முடியாது. நம் வீடுகளில் செருப்பெல்லாம் வாசல் பக்கம்தான் கிடக்கும். மூடி போட்ட காலணி அலமாரி ஒன்று வாங்கிவிட்டால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது. பழைய செருப்பை விளையாடக் கொடுக்காதீர்கள். பழையது எது, புதியது எது என்று அதற்குத் தெரியாது; தோல் வாசனை ஒன்றுதான்.

அடுத்தது மின்சாரம். சிங்கப்பூர் வீட்டு மின்சாரம் 230 வோல்ட். சார்ஜர்களைக் கழற்றி உயரே வையுங்கள். தொலைக்காட்சி, மின்விசிறி வயர்களைச் சாமான்களுக்குப் பின்னால் மறையுங்கள். வயரைக் கடித்து அதிர்ச்சியில் கிடக்கும் குட்டியைக் கண்டால் உடனே தொட வேண்டாம். முதலில் மின்சாரத்தை அணைக்க வேண்டும்.

நம் சமையலறைக்கென்று தனி எச்சரிக்கை உண்டு. சாக்லெட்டும் வெங்காயமும் நாய்க்கு ஆகாது என்பது பலருக்குத் தெரியும். பாயசத்திலும் கேசரியிலும் போடும் உலர்ந்த திராட்சை நாயின் சிறுநீரகத்தையே பழுதாக்கக்கூடும். அதற்குக் காரணம் திராட்சையிலுள்ள டார்டாரிக் அமிலமாக இருக்கலாம் என்று அமெரிக்க விலங்கு நச்சியல் மருத்துவர்கள் 2021இல் எடுத்துக் கூறினார்கள். அதே அமிலம் நம் புளியிலும் நிறைய உண்டு. புளி தின்ற நாய்களுக்கும் சிறுநீரகம் பாதிக்கப்பட்டதை அவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். ஆகவே புளி டப்பாவை மேல் தட்டில் வையுங்கள். சாமி மேடையில் இருக்கும் கற்பூரமும், துணி அலமாரியில் போடும் அந்துருண்டையும் நச்சுத்தான். கோழி எலும்பு கிடக்கும் குப்பைக் கூடைக்கு இறுக்கமான மூடி வேண்டும்.

முழு வீட்டையும் சரிசெய்ய முடியாவிட்டால் ஒரு மூலையைச் சரிசெய்யுங்கள். செல்லப்பிராணிக் கடைகளில் மடக்கு வேலி கிடைக்கும். அதற்குள் படுக்கை, தண்ணீர், சிறுநீர் கழிக்க ஓர் ஓரம், கடிக்க இரண்டு பொருள். காற்றோட்டம் இருக்க வேண்டும், வெயில் விழக் கூடாது. சிறு கூண்டில் நாள் முழுக்கப் பூட்டி வைப்பது தீர்வாகாது.

<b>கடிக்க எதைக் கொடுப்பது?</b>

1970களில் அமெரிக்காவின் கொலராடோவில் ஜோ மார்க்கம் என்பவரிடம் பிரிட்ஸ் என்ற ஜெர்மன் ஷெப்பர்ட் நாய் இருந்தது. கல்லைக் கடித்துக் கடித்துப் பல்லைத் தேய்த்துக்கொண்டது. ஒருநாள் அவர் தமது பழைய வோக்ஸ்வேகன் வேனைப் பழுதுபார்த்தபோது கழற்றிப் போட்ட ரப்பர் பாகம் ஒன்றை அது விடாமல் கவ்விக்கொண்டது. அதிலிருந்து பிறந்ததுதான் இன்று கடைகளில் 'காங்' என்ற பெயரில் விற்கும், நடுவே துளையுள்ள ரப்பர் பொம்மை. கடிக்காதே என்று சொல்வதைவிட, கடிக்கத் தக்கதைக் கொடுப்பது மேல் என்பதற்கு அதுவே சான்று.

அந்தத் துளையில் உப்பும் மசாலாவும் சேராத வேகவைத்த கோழி, கொஞ்சம் சோறு, கேரட் அல்லது பூசணிக்காய் மசியல் அடைத்து உறைபெட்டியில் வையுங்கள். வேலைக்குக் கிளம்பும்போது மட்டும் கொடுங்கள். குளிர்ச்சி ஈறுக்கு இதம். உள்ளே இருப்பதை நக்கி எடுக்க நேரம் பிடிக்கும். நீங்கள் கதவைச் சாத்துவது குட்டிக்கு நல்ல செய்தியாகிவிடும். வேர்க்கடலை வெண்ணெய் அடைப்பதானால் புட்டியைப் படித்துப் பாருங்கள். சைலிட்டால் என்ற இனிப்பு கலந்திருந்தால் அது நாய்க்கு நச்சு.

பொம்மை வாங்கும்போது நகத்தால் அழுத்திப் பாருங்கள். சற்றும் அமுங்காதது குட்டியின் பல்லுக்கு ஆகாது. விழுங்கிவிடும் அளவுக்குச் சிறியதும் வேண்டாம். ஆறு பொம்மை இருந்தால் நாளுக்கு இரண்டாக மாற்றி மாற்றிக் கொடுங்கள். பழையதும் புதிதாகத் தெரியும்.

மிளகாய்த் தூள் தடவலாமா என்று ஓர் ஐயா கேட்டிருக்கிறார். வேண்டாம் ஐயா. கண்ணிலும் மூக்கிலும் பட்டால் கொடுமை. கசப்புத் தெளிப்பான் கடையில் உண்டு. ஆனால் கடிக்க வேறொன்றும் கொடுக்காமல் அதை மட்டும் தெளித்தால், கட்டை விரலில் வேப்பெண்ணெய் தடவியதும் மறு விரலைச் சூப்பும் குழந்தை மாதிரி, குட்டி அடுத்த நாற்காலிக் காலுக்குப் போய்விடும்.

<b>தனிமையையும் பழக்க வேண்டும்</b>

கிளம்பும் முன் அரை மணி நேரத்தைக் குட்டிக்குக் கொடுங்கள். தடுப்பூசிகள் முடிந்திருந்தால் புளோக்கின் கீழே ஒரு நடை. முடியவில்லை என்றால் வீட்டுக்குள்ளேயே பந்து விளையாட்டு, சிறு பயிற்சி. பிறகு சிறுநீர், பிறகு உணவு அடைத்த பொம்மை. களைத்த குட்டி தூங்கும். நாளில் பெரும்பகுதியைத் தூங்கியே கழிக்கும் வயது அது.

தனிமையைப் படிப்படியாகப் பழக்குங்கள். வெளியே போய்ப் பத்து விநாடியில் திரும்புங்கள். பிறகு ஒரு நிமிடம், ஐந்து நிமிடம், அரை மணி. சாவியை எடுத்துவிட்டுப் போகாமலே உட்காருங்கள். சாவிச் சத்தம் என்றால் பிரிவு என்ற பயம் போகும். போகும்போது கொஞ்சலும் வேண்டாம், வந்ததும் கொண்டாட்டமும் வேண்டாம். தலைக்குமேல் விமானம் போகும் வட்டாரம் இது. ஒலி 968 வானொலியைச் சன்னமாக வைத்துவிட்டுப் போனால் வெளிச் சத்தம் அடங்கும்.

எத்தனை மணி நேரம் விடலாம்? மாத வயதோடு ஒன்றைக் கூட்டினால் எவ்வளவோ, அத்தனை மணி நேரம்தான் குட்டியால் சிறுநீரை அடக்க முடியும் என்பது பொதுவான கணக்கு. நான்கு மாதக் குட்டிக்கு ஐந்து மணி. பன்னிரண்டு மணி நேர ஷிப்டுக்கு இது போதாது. கணவன் மனைவி ஷிப்டை மாற்றிப் போடலாம். பள்ளி முடிந்து வரும் பிள்ளைக்கு அந்தப் பொறுப்பைக் கொடுக்கலாம். தெரிந்த அண்டை வீட்டு அக்காவிடம் நண்பகலில் ஒரு முறை எட்டிப் பார்க்கச் சொல்லலாம். துணைக்கு இன்னொரு நாய் வாங்கும் யோசனை வீவக வீட்டில் செல்லாது. அனுமதிக்கப்பட்ட இனத்தில் ஒரு நாய் மட்டுமே வளர்க்கலாம் என்பது விதி.

ஒரு நாள் கைத்தொலைபேசியில் முதல் அரை மணி நேரத்தைப் பதிவு செய்து பாருங்கள். தூங்கி எழுந்து சாவகாசமாகக் கடித்தால் அது பல் அல்லது சலிப்பு. மேலே சொன்னவை போதும். நீங்கள் போனதுமே ஊளையிட்டு, எச்சில் வடித்து, கொடுத்த தின்பண்டத்தைத் தொடாமல் கதவையே பிறாண்டினால் அது பிரிவுப் பதற்றம். அதற்குக் கால்நடை மருத்துவரைப் பாருங்கள். வெட்கப்பட ஒன்றுமில்லை.

<b>கொடுத்துவிடலாமா?</b>

சகோதரியின் கேள்விக்கு வருகிறேன். பல் மாறும் காலம் ஏறத்தாழ நான்கு மாதம். உங்கள் குட்டிக்கு அதில் பாதி கடந்துவிட்டது. அதன்பின்னும் ஒரு வயது வரை கொஞ்சம் கடிக்கும், ஆனால் குறையும். சிறிய இன நாய் 12, 15 ஆண்டுகள்கூட வாழும். இரண்டு மாதத் தொல்லைக்காக அத்தனை ஆண்டு உறவை அறுக்க வேண்டாம் என்பதே என் வேண்டுகோள்.

எவ்வளவு முயன்றும் உங்கள் ஷிப்ட் இடம் கொடுக்கவில்லை என்றால், பொறுப்பான குடும்பம் ஒன்றைத் தேடி, உரிமத்தை முறையாக மாற்றிக் கொடுப்பது தவறல்ல. தெருவில் விடுவதுதான் தவறு. நம் சட்டத்தில் அது குற்றம். பத்தாயிரம் வெள்ளி வரை அபராதம், ஓராண்டு வரை சிறை, அல்லது இரண்டும் கிடைக்கலாம்.

இன்னும் குட்டி வாங்காமல் யோசித்துக்கொண்டிருக்கும் பெற்றோருக்கு ஒரு வார்த்தை. பிள்ளை கெஞ்சும்போது நாய்க்கடைக்குப் போவதற்கு முன், குடும்பத்தின் ஒரு வார ஷிப்ட் அட்டவணையை எடுத்து மேசையில் வையுங்கள். நண்பகலில் வீட்டுக்கு வர யாருக்கு முடியும் என்று எல்லாருமாக உட்கார்ந்து பெயர் எழுதுங்கள். ஏழு நாளுக்கும் பெயர் விழுந்தால் தாராளமாக வாங்குங்கள். கட்டங்கள் காலியாக இருந்தால், அவை நிரம்பும் காலம் வரை காத்திருங்கள்.