மங்கம்மாள் போட்ட சாலை

இன்று பட்டம் வாங்கும் பிள்ளைகளே,

பெரியபட்டினத்தில் நின்றுகொண்டு மதுரை அரசி ஒருத்தியைப் பற்றிப் பேசப்போகிறேன். அதுவும் இராமநாதபுரத்தை ஆண்ட நம் சேதுபதி மீது படை அனுப்பிய அரசி. 1702-இல் ராணி மங்கம்மாளின் தளவாய் நரசப்பையா நம் மறவர் சீமை மேல் படையெடுத்து வந்தார். கிழவன் சேதுபதியின் படை அவரைப் போரில் கொன்றது. அதற்குப் பிறகு இராமநாதபுரம் மதுரைக்குக் கட்டுப்படவில்லை. ஆகவே நம் கணக்குப்படி மங்கம்மாள் தோற்ற கட்சி. தோற்ற கட்சியிலும் கற்றுக்கொள்ளச் சரக்கு இருக்கிறது.

அவர் யார்? படைத்தலைவர் லிங்கம நாயக்கரின் மகள், மதுரை சொக்கநாத நாயக்கரின் மனைவி. 1682-இல் கணவர் இறந்தபோது மகன் இளம்பிள்ளை. அந்தக் காலத்து அரசன் மனைவிக்குக் காத்திருந்தது எது என்று தெரிந்துகொள்ள வெகுதூரம் போக வேண்டாம். 1710-இல் கிழவன் சேதுபதி மறைந்தபோது அவருடைய மனைவிமார் 47 பேர் சிதையேறினார்கள் என்று அப்போது இங்கிருந்த சேசு சபைப் பாதிரியார் எழுதிய கடிதம் சொல்கிறது. நாற்பத்தேழு பேர். சேதுபதிகளின் அரண்மனையான இராமலிங்க விலாசத்தின் ஓவியங்களைப் பார்த்து வியக்கும்போது இந்த எண்ணையும் நினைத்துக்கொள்ளுங்கள். அவர்களில் எத்தனை மங்கம்மாள்கள் இருந்தார்களோ!

மங்கம்மாள் தீயில் இறங்கவில்லை. மகனை வளர்த்து ஆளாக்கினார். அந்த மகன் ரங்ககிருஷ்ண முத்துவீரப்பன் 1689-இல் அம்மை கண்டு இறந்தான். நிறைமாதமாயிருந்த மருமகள் உடன்கட்டை ஏறுவேன் என்றாள். வயிற்றுப் பிள்ளையைச் சொல்லி மாமியார் தடுத்தார். பிள்ளை பிறந்தது, பெற்றவள் சில நாளிலேயே தன் உயிரை மாய்த்துக்கொண்டாள். மூன்று மாதக் குழந்தைக்கு முடிசூட்டி, அந்தப் பேரனின் பெயரால் பாட்டி ஆளத் தொடங்கினார். பதினைந்து ஆண்டுகளுக்கு மேல் ஆண்டார். தன் பெயரில் ஒரு நாளும் முடி சூட்டிக்கொள்ளவில்லை.

நாட்டு நிலைமை என்ன? வடக்கே ஔரங்கசீப்பின் படை. மேற்கே மைசூர். கிழக்கே தஞ்சை மராட்டியர். தெற்கே நாம். முகலாயர்களுக்குக் கப்பம் கட்டிச் சண்டையைத் தவிர்த்தார். அதைக் கோழைத்தனம் என்று எழுதியவர்கள் உண்டு. சண்டைக்குப் போகவேண்டிய பணம் எங்கே போனது என்று பார்த்தால் அப்படிச் சொல்ல மாட்டார்கள்.

சாலைக்குப் போனது. மதுரையிலிருந்து கன்னியாகுமரிக்குப் போகும் பழைய சாலையைத் தென்மாவட்டத்துச் சனங்கள் தலைமுறை தலைமுறையாக மங்கம்மாள் சாலை என்றே சொல்லி வந்தார்கள். வழி நெடுக மரம், கிணறு, தண்ணீர்ப்பந்தல். நடந்தவனுக்குத் தங்கச் சத்திரம், அந்தச் சத்திரத்தில் அடுப்பு எரிய மானிய நிலம். மதுரை ரயில் நிலையத்தைவிட்டு வெளியே வந்தால் எதிரே நிற்கிறதே, மங்கம்மாள் சத்திரம், அவர் பெயரைத்தான் தாங்கியிருக்கிறது. நீங்கள் நேர்முகத் தேர்வுக்கு மதுரைக்குப் போகும்போது கண்ணில் படாமல் போகாது. காந்தி அருங்காட்சியகம் இருக்கும் தமுக்கம் அரண்மனையும் அவர் இருந்த இடம்தான்.

இத்தனை வேலைக்கும் மக்கள் ஒரு காரணம் சொன்னார்கள். ராணி ஒருநாள் மறந்துபோய் இடது கையால் வெற்றிலை போட்டுக்கொண்டாராம். அது பாவமாம். அதற்குப் பரிகாரமாகத்தான் சாலையும் சத்திரமுமாம். எனக்கு இந்தக் கதை பிடிப்பதில்லை. ஒரு பெண் யோசித்து, திட்டமிட்டு, வரவு செலவு பார்த்து ஊருக்குச் செய்த வேலையை ஒரு வெற்றிலைக்குள் மடித்துவிடுகிறது. ஆணொருவன் ஏரி வெட்டினால் அவனிடம் எந்தக் கை என்று யாரும் கேட்பதில்லை. பட்டம் வாங்கும் பெண்பிள்ளைகள் இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். நாளை உங்கள் உழைப்புக்கும் இப்படி ஒரு வெற்றிலைக் கதை கட்டுவார்கள்.

மங்கம்மாள் ஆளைப் பார்த்துக் கொடுக்கவில்லை. கோயில்களுக்குக் கொடுத்தார். 1701-இல் திருச்சிப் பக்கத்துத் தர்கா ஒன்றுக்கு ஊர்களை மானியமாக எழுதிவைத்தார். 1693-இல் நம் ஓரியூரில் கிறித்தவப் பாதிரியார் அருளானந்தர் தலை வெட்டப்பட்டார் அல்லவா? அதே காலத்தில் பூஷே என்ற பாதிரியாரை மங்கம்மாள் மரியாதையோடு வரவேற்றார்.

இன்னொன்று. மைசூர் மன்னர் சிக்கதேவராயர் காவிரிக்குக் குறுக்கே அணை கட்டினார், கீழே தண்ணீர் வரவில்லை. அதுவரை தஞ்சையும் மதுரையும் அடித்துக்கொண்டிருந்தன. பயிர் காய்ந்ததும் மங்கம்மாளும் தஞ்சை மன்னர் சகசியும் ஒன்று சேர்ந்து அணையை உடைக்கப் படை திரட்டினார்கள். படை போவதற்குள் பெருமழை பெய்து ஆறே அணையை உடைத்துவிட்டது. மழை முந்திக்கொண்டது இருக்கட்டும். தண்ணீருக்காக எதிரியோடு உட்கார்ந்து பேசினார் என்பதுதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது.

மறுபடியும் சத்திரத்துக்கு வருவோம். சத்திரத்தில் என்ன நடந்தது என்று அறிய நமக்கு நல்ல சான்று ஒன்று உண்டு. அது தஞ்சையைப் பற்றியது, நூறாண்டு பிந்தியது. இராமேசுவரம் போகும் வழியில் தஞ்சை மராட்டியர் கட்டிய சத்திரங்கள் பலவற்றுக்கு அரண்மனைப் பெண்களின் பெயர்: நீடாமங்கலத்தில் யமுனாம்பாள், ஒரத்தநாட்டில் முக்தாம்பாள், மணமேல்குடியில் திரௌபதாம்பாள். கிழக்கிந்தியக் கும்பினியார் இவற்றில் கைவைத்துவிடக் கூடாதென்று 1801-இல் சரபோஜி மன்னர் ஆங்கில அதிகாரிக்குக் கடிதம் எழுதினார். எல்லாச் சாதிக்கும் சோறு உண்டு என்கிறார். நோயாளிக்கு மருத்துவர், பிள்ளை பெறுபவளுக்குத் துணை, அநாதைப் பிள்ளைக்குப் படிப்பு. நடுச்சாமத்தில் மணி அடித்து, இன்னும் சாப்பிடாதவர் யாரேனும் உண்டா என்று கூவி அழைத்துப் போடுவார்களாம். அந்த மணியை அடிக்க ஓர் ஆள், அவனுக்குச் சம்பளம், அந்தச் சம்பளத்துக்கு நிலம், நிலத்துக்குக் கணக்கு. இரக்கம் எல்லாருக்கும் வரும். கணக்கு எழுதத்தான் ஆள் கிடைப்பதில்லை.

மங்கம்மாளின் முடிவு நன்றாக இல்லை. பேரன் பெரியவனானதும் சுற்றியிருந்தவர்கள் அவரைச் சிறைவைத்து, கண்ணுக்கு எதிரே சோற்றை வைத்துக் கைக்கு எட்டாமல் பட்டினி போட்டார்கள் என்று மதுரைச் சனங்கள் சொல்லி வந்தார்கள். இதற்கு எழுத்துச் சான்று கிடையாது. நா. பார்த்தசாரதியின் ‘ராணி மங்கம்மாள்’ நாவலைப் படித்துவிட்டு வரலாற்றுப் புத்தகங்களையும் புரட்டுங்கள்.

உங்களில் பாதிப் பேர் இன்னும் ஓராண்டில் துபாயிலோ ரியாத்திலோ சென்னையிலோ இருப்பீர்கள். சபுரில், அதாவது வெளிநாட்டில், சம்பாதித்து ஊருக்கு அனுப்பும் பணம் இந்தக் கரைக்குப் புதிதல்ல. பள்ளிவாசலும் பள்ளிக்கூடமும் கல்யாணமும் அதில்தான் நடக்கின்றன. நான் கேட்பது ஒன்றே ஒன்று. நம் மாவட்டத்தில் கிணறு தோண்டினால் பல இடங்களில் உப்புத் தண்ணீர். ஊருணிதான் நம்மைக் காப்பாற்றி வந்தது. பட்டம் வாங்கிய பத்துப் பேர் சேர்ந்து ஓர் ஊருணியை எடுத்துக்கொள்ளுங்கள். ஒருநாள் தூர்வாரிப் படம் எடுத்துப் போடுவதோடு விட்டுவிடாதீர்கள். வரத்துக்கால் அடைபடாமல் பார்க்க ஓர் ஆளை வையுங்கள், அவருக்கு மாதச் சம்பளம் ஒதுக்குங்கள், வரவு செலவை ஆண்டுதோறும் ஊர்க்கூட்டத்தில் வாசியுங்கள். கணக்கு நோட்டு ஒரு பெண்பிள்ளையின் கையில் இருக்கட்டும். அடுத்த ஐப்பசி மழைக்கு முன்னால் தொடங்குங்கள்.