ஹட் பே சொல்லும் வீரக் கதை

(நமது கிளைக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



"அந்தமானில் உத்தியோகம் பார்த்தவர் நீங்கள், அங்கே தீவுகளுக்குப் பரம்வீர் சக்ரா வீரர்களின் பெயரை வைத்தார்களே, அதைப் பற்றிப் பேசுங்கள்" என்று செயலாளர் கேட்டுக்கொண்டார். 1980களில் மூன்று வருஷம் நான் ஹட் பேயில் இருந்தவன். அதனால் அங்கிருந்தே ஆரம்பிக்கிறேன்.

போர்ட் பிளேர் (2024ல் அதன் பெயர் ஸ்ரீ விஜய புரம் என்று மாறிவிட்டது) ஊரிலிருந்து தெற்கே சுமார் 120 கிலோமீட்டரில் இருக்கிறது லிட்டில் அந்தமான் தீவு. அதன் துறைமுக ஊர் ஹட் பே. கடல் கொந்தளிக்கும் நாட்களில் கப்பல் வராது. கப்பல் வராவிட்டால் காய்கறி வராது, தபால் வராது. ஊரில் இருந்து வரும் கடிதத்துக்காகக் கரையில் நின்று கடலையே பார்த்துக்கொண்டிருப்போம். அந்த அலையைப் பார்த்தவர்களுக்குத்தான் நான் இப்போது சொல்லப்போகும் விஷயத்தின் அருமை தெரியும்.

1867ம் வருஷம் மார்ச் மாதம் ‘அஸாம் வேலி’ என்ற கப்பலின் தலைவரும் மாலுமிகள் ஏழு பேரும் லிட்டில் அந்தமானில் இறங்கினார்கள். திரும்பவில்லை. அவர்கள் கதி என்ன என்று அறிய ரங்கூனிலிருந்து ‘அராகன்’ என்ற நீராவிக் கப்பலில் 24வது ரெஜிமெண்டின் இரண்டாம் பட்டாளத்துச் சிப்பாய்கள் அனுப்பப்பட்டார்கள். மே 7ம் தேதி அவர்களில் ஒரு பகுதியினர் கரையில் இறங்கினார்கள். ஆனால் திரும்பக் கப்பலுக்கு வர முடியவில்லை. முன்னால் கொந்தளிக்கும் அலை, பின்னால் தங்கள் மண்ணைக் காக்க வில்லும் அம்புமாக நின்ற ஓங்கி பழங்குடியினர்.

அப்போது கேம்ப்பெல் மெல்லிஸ் டக்ளஸ் என்ற ராணுவ டாக்டரும், மர்ஃபி, கூப்பர், பெல், கிரிஃபித்ஸ் என்ற நான்கு சாதாரணச் சிப்பாய்களும் ஒரு சிறு துடுப்புப் படகில் புறப்பட்டார்கள். முதல் தடவை படகில் பாதி தண்ணீர் ஏறித் திரும்பிவிட்டார்கள். இரண்டாம் தடவை ஐந்து பேரைக் காப்பாற்றி, அலைக்கு வெளியே நின்ற படகுகளில் சேர்த்தார்கள். மூன்றாம் தடவை போய் மீதி இருந்தவர்களையும் கொண்டுவந்தார்கள். ஆக 17 பேர் உயிர் பிழைத்தார்கள்.

நான் பௌதிகம் படித்தவன். ஆகவே இதில் என்ன கஷ்டம் என்பதை இரண்டு வார்த்தையில் சொல்கிறேன். ஆழ்கடலில் அலை சாதுவாகத்தான் வரும். கரையை நெருங்கி ஆழம் குறையும்போது அதன் வேகம் குறைகிறது. ஆனால் அதில் இருக்கும் சக்தி எங்கே போகும்? அலை உயரமாக எழும்புகிறது. தண்ணீரின் ஆழம் அலையின் உயரத்தைப்போல் ஏறக்குறைய ஒன்றேகால் மடங்காகக் குறையும் இடத்தில் தலைகுப்புற உடைகிறது. ஒரு கனமீட்டர் கடல்நீர் ஒரு டன்னுக்கும் அதிகம். அது பக்கவாட்டில் வந்து மோதினால் படகு கவிழ்ந்துவிடும். எனவே படகின் முகம் எப்போதும் அலைக்கு நேராகவே இருக்க வேண்டும். துடுப்புப் போடும் நால்வரில் ஒருவர் ஒரு கணம் தயங்கினாலும் படகு திரும்பிவிடும். டாக்டர் படகின் முன்பக்கம் நின்று வழி நடத்தினார். நால்வரும் தயங்கவில்லை.

ஐந்து பேருக்கும் பிரிட்டனின் மிக உயர்ந்த ராணுவ விருதான விக்டோரியா கிராஸ் 1867 டிசம்பரில் அறிவிக்கப்பட்டது. இதில் ஒரு விசேஷம் உண்டு. எதிரியின் முன்னே காட்டும் வீரத்துக்கு மட்டுமே உரிய விருது அது. 1858ல் விதியைத் தளர்த்தி, எதிரி இல்லாத பேராபத்திலும் தரலாம் என்றார்கள். 1881ல் மறுபடி இறுக்கிவிட்டார்கள். நடுவில் அந்தத் தளர்வால் விருது பெற்றவர்கள் மொத்தமே ஆறு பேர். ஒருவர் கனடாவில் வெடிமருந்து ஏற்றிய ரயில் பெட்டியில் பற்றிய தீயை அணைத்தவர். மற்ற ஐவரும் லிட்டில் அந்தமானில் படகு ஓட்டியவர்கள். எவரையும் கொன்றதற்காக அல்ல, சகாக்களை உயிரோடு மீட்டதற்காக அந்தப் பதக்கம்.

கதையின் மறுபக்கத்தையும் சொல்லாவிட்டால் அது நியாயமாகாது. சிப்பாய்களின் துப்பாக்கிக்கு ஓங்கிகள் இரையானார்கள். அவர்களுக்குப் பதக்கமும் இல்லை, கெஜட்டில் பெயரும் இல்லை. அதே ஓங்கிகள்தான் 2004 டிசம்பர் 26ம் தேதி சுனாமி வந்தபோது, கடல் விலகிய விதத்தைப் பார்த்தே புரிந்துகொண்டு மேட்டு நிலத்துக்குப் போய்த் தப்பினார்கள். ஹட் பே ஊரோ அன்று பெரும் நாசத்தைச் சந்தித்தது. கடலைப் படிக்கத் தெரிந்த அந்த ஜனங்கள் இன்று நூறு பேரை ஒட்டித்தான் இருக்கிறார்கள். ஞாபகச் சின்னம் எழுப்புகிறவர்கள் இரண்டு பக்கத்தையும் எழுதினால்தான் அது முழுமையாகும் என்பது என் அபிப்பிராயம்.

இனி நம் நாட்டு விருதுக்கு வருகிறேன். பரம்வீர் சக்ராவை வடிவமைத்தவர் ஐரோப்பாவில் பிறந்து, இந்திய ராணுவ அதிகாரியை மணந்து, நம் புராணங்களைக் கற்றுத் தேர்ந்த சாவித்திரி கானோல்கர் என்ற அம்மையார். பதக்கத்தில் இந்திரனுடைய வஜ்ராயுதம் நான்கு இருக்கும். அது ததீசி முனிவர் தம் எலும்பையே கொடுத்து உண்டானது என்பதை இந்தச் சபைக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. 1950 ஜனவரி 26ல் ஏற்படுத்தப்பட்ட இந்த விருதை இதுவரை பெற்றவர்கள் 21 பேர். அவர்களில் 14 பேருக்கு மறைவுக்குப் பின்பே தரப்பட்டது.

2019 பிப்ரவரியில் டில்லியில் திறக்கப்பட்ட தேசியப் போர் நினைவுச் சின்னத்தில் இந்த 21 பேருக்கும் மார்பளவுச் சிலைகள் உண்டு. 2023 ஜனவரி 23, நேதாஜி பிறந்த நாளில், அந்தமான் நிகோபாரில் பெயரில்லாமல் இருந்த 21 பெரிய தீவுகளுக்கு இவர்கள் பெயர் சூட்டப்பட்டது. மிகப் பெரிய தீவுக்கு முதல் விருதாளர் மேஜர் சோம்நாத் சர்மாவின் பெயர். அடுத்ததற்கு அடுத்தவர் பெயர் என்று வரிசை.

அந்த 21ல் ஒரு பெயர் மேஜர் ராமசாமி பரமேஸ்வரன். மும்பையில் வளர்ந்த தமிழர். அங்கே எஸ்.ஐ.இ.எஸ். கல்லூரியில் 1968ல் அறிவியல் பட்டம் பெற்றவர். சென்னையில் பயிற்சி முடித்து 1972ல் ராணுவ அதிகாரியானார். 1987 நவம்பர் 25ம் தேதி பின்னிரவில், இலங்கையில் தேடுதல் முடித்துத் திரும்பும் வழியில் அவர் படைப்பிரிவு தாக்கப்பட்டது. அவர் பதறாமல் தாக்கியவர்களைப் பின்புறமாகச் சுற்றி வளைத்தார். கைகலப்பில் மார்பில் குண்டு பாய்ந்தது. அந்த நிலையிலும் எதிரியின் துப்பாக்கியைப் பறித்துச் சுட்டார். கடைசி மூச்சு வரை தம் ஆட்களுக்கு உத்தரவு கொடுத்துக்கொண்டிருந்தார். பிராயம் 41. அந்தப் போரைப் பற்றி நம் தமிழ் ஜனங்களிடையே பல விதமான வேதனைகள் உண்டு; இரு தரப்பிலும் தமிழ்த் தாய்மார்கள் அழுதார்கள். ஆனால் ஆபத்தில் தன் ஆட்களை விட்டு விலகாதவன் என்ற பெருமையில் அவருக்குக் குறைவில்லை. ஹட் பே படகில் இருந்த ஐவரின் குணமும் அதுதானே?

அசோக சக்ரா பெற்ற சென்னை மேஜர் முகுந்த் வரதராஜனை 2024ல் வந்த ‘அமரன்’ திரைப்படம் வீட்டுக்கு வீடு கொண்டு சேர்த்தது. பரமேஸ்வரனின் பெயரை நம் பேரக் குழந்தைகளில் எத்தனை பேர் கேட்டிருக்கிறார்கள்? நம் அகங்களில் பையன் "பட்டாளத்துக்குப் போகிறேன்" என்றால் "ஏண்டா, உனக்கு வேறு வேலையா கிடைக்கவில்லை?" என்பதுதான் முதல் வார்த்தை. என் தம்பியின் பேரன் ராணுவ அதிகாரிகளுக்கான பரீட்சை எழுதியதை அவன் பெற்றோர் உறவினர்களிடம் சொல்லவே இல்லை. பயம் இயற்கை; அதை நான் குறை சொல்லவில்லை. ஆனால் மறைத்து வைக்க வேண்டிய காரியமா அது?

தீவுக்குப் பெயர் வைத்தாயிற்று. ஆனால் தீவு பேசாது. பெயருக்குப் பின்னால் உள்ள செய்கையை யாராவது சொன்னால்தான் அது ஞாபகச் சின்னம். இல்லாவிட்டால் வரைபடத்தில் வெறும் எழுத்து.

ஆகவே ஒரு விண்ணப்பம். நம் கிளைகள் வருஷத்துக்கு நான்கு கூட்டமாவது நடத்துகின்றன. ஒவ்வொன்றிலும் பத்து நிமிஷம் ஒதுக்குங்கள். ஒரு குழந்தை எழுந்து ஒரு பரம்வீர் சக்ரா வீரரின் கதையைத் தன் வார்த்தையில் சொல்லட்டும். ஐந்து வருஷத்தில் இருபது பேர் ஆகிவிடுவார்கள். மீதி ஒருவரை நான் எடுத்துக்கொள்கிறேன். பகவான் ஆயுசு கொடுத்தால் ஆறாம் வருஷம் முதல் கூட்டத்தில் வந்து சொல்கிறேன். நவம்பர் 25ஐ ஒட்டி வரும் கூட்டத்தில் பரமேஸ்வரனிலிருந்து ஆரம்பியுங்கள்.

 ஜெய் ஹிந்த்.