பலகையைப் பார்க்காதீர்கள், ஆசிரியரைப் பாருங்கள்!

(கல்விக் கருத்தரங்கில் ஆற்றிய உரையிலிருந்து)



கடையின் பெயர்ப்பலகையை மட்டும் பார்த்து நீங்கள் சரக்கு எடுப்பதில்லை. மூட்டையைப் பிரித்து, கையில் அள்ளிப் பார்த்த பிறகுதான் விலை பேசுகிறீர்கள். பள்ளிக்கூடம் என்று வந்துவிட்டால் மட்டும் பலகையைப் பார்த்தே மயங்கி விடுகிறோம். அமெரிக்காவே அப்படி மயங்கியது. அந்தக் கதையைக் கேளுங்கள்.

அங்கே 'சார்ட்டர் பள்ளி' என்று ஒரு வகை உண்டு. பணம் அரசாங்கத்துடையது, நிர்வாகம் தனி அமைப்பின் கையில், மாணவருக்குக் கட்டணம் கிடையாது. இந்த யோசனையை 1988இல் நாடறியச் செய்தவர் யார் தெரியுமா? ஆசிரியர் சங்கத் தலைவர் ஆல்பர்ட் ஷாங்கர்! ஆசிரியர்களே புதிய முறைகளைச் சோதித்துப் பார்க்கட்டும் என்பது அவருடைய ஆசை. 1991இல் மின்னசோட்டா மாநிலம் முதல் சட்டத்தை இயற்றியது. நடந்ததோ வேறு. பெரும்பாலான சார்ட்டர் பள்ளிகளில் ஆசிரியர் சங்கமே இல்லாமல் போனது. யோசனை சொன்ன ஷாங்கரே பிறகு அதை எதிர்த்துப் பேச வேண்டியதாயிற்று.

நியூ ஆர்லியன்ஸ் நகரத்தைப் பாருங்கள். 2005இல் கத்ரினா புயல் அடித்தது. அதைத் தொடர்ந்து 7,000க்கும் மேற்பட்ட பள்ளி ஊழியர்கள் வேலையிழந்தார்கள். பள்ளிகள் ஏறக்குறைய அனைத்தும் சார்ட்டர் ஆயின. புதிதாக வந்தவர்களில் பலர் 'டீச் ஃபார் அமெரிக்கா' அமைப்பின் இளைஞர்கள். ஐந்து வாரக் கோடைப் பயிற்சி. இரண்டு ஆண்டு ஒப்பந்தம்! புயலுக்கு முன் ஆசிரியர்களில் 71 சதவீதம் கறுப்பினத்தவர். 2014இல் அது பாதிக்கும் கீழே இறங்கியது. தேர்வு மதிப்பெண்கள் உயர்ந்தன. அதை நான் மறுக்கவில்லை. ஆனால் பல ஆண்டுகள் அந்தத் தெருப் பிள்ளைகளை வளர்த்த ஆசிரியருக்கு என்ன பதில்?

சரி, புகழுக்கேற்ற பலன் உண்டா? ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வு மையம் 2009இல் 16 மாநிலங்களில் கணக்கெடுத்தது. கணிதத்தில் அரசுப் பள்ளிகளை விடச் சிறந்தவை 17 சதவீதம், மோசமானவை 37 சதவீதம், மற்றவற்றில் வேறுபாடில்லை. அதே மையத்தின் 2023ஆம் ஆண்டு ஆய்வில் சார்ட்டர் மாணவர்கள் சராசரியில் சற்று முந்தினார்கள். நியாயமாக இரண்டையும் சொல்கிறேன். ஆக, ஒரே பலகையின் கீழ் நல்ல சரக்கும் உண்டு, சொத்தையும் உண்டு!

இன்னொரு சூட்சுமம். சில பள்ளிகள் இடையில் விலகும் பிள்ளையின் இடத்தை மேல் வகுப்புகளில் நிரப்புவதில்லை. நிலைத்து நின்றவர்களின் மதிப்பெண் மட்டும் பலகையில் ஏறும்.

ஆகவே, அங்கே வேலைக்குப் போகும் ஆசிரியர் விளம்பரத்தை நம்பாமல் இப்படிக் கேட்க வேண்டும்: சென்ற ஆண்டு இருந்த ஆசிரியர்களில் இன்று எத்தனை பேர் இருக்கிறார்கள்? என்னை நீக்குவதென்றால் காரணம் சொல்வீர்களா? முறையீடு செய்ய வழி உண்டா? எனக்கு முன்னால் இருந்தவர் ஏன் போனார்?

இதற்கு நேரான பதில் சொல்லத் தயங்கும் பள்ளியின் புகழை நம்பாதீர்கள். ஆண்டுதோறும் ஆட்கள் ஓடிப்போகும் கடையில் சரக்கு எப்படியிருக்கும் என்று உங்களுக்குத் தெரியாதா? நம் ஊரில் பள்ளி நடத்தும் பெரியவர்களும் இந்தக் கேள்விகளைத் தங்களிடமே கேட்டுக்கொள்ளட்டும்!